இறங்கித் தள்ளிய முத்தாயி

முத்தாயிக்கும் அவள் மருமகன் ஜெய்க்கும் இரண்டு வருஷமாக ஏழாம் பொருத்தம். ஜாலான் புசார் அடுக்குமாடியில் மூன்றறை வீடு. மகள் கவிப்ரியா வேலைக்குக் கிளம்பிவிட்டால் இரண்டு பேரும் சுவரிடம்தான் பேசுவார்கள்.

இப்போதைய சண்டை சைக்கிளுக்காக. முத்தாயி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக் காத்தோங் கோயில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கும். வாங்கிய அன்றே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்ட வண்டி. வெளியே நடைபாதையில் வைக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், ஹாலுக்குள் வந்தது. அந்த இடத்தில் ஜெய்க்கு கேம் ஆட ஒரு நாற்காலி போட வேண்டுமாம்.

"ஞாயித்துக்கிழமை காராங்குனிக்காரன் வருவான். பழைய சாமானைத் தூக்கிக் கொடுத்துடுங்க, அத்தை."

"வீட்டுல சும்மா கிடக்கிறதையெல்லாம் கொடுக்கணும்னா, அவன் வண்டியில உங்களுக்கும் இடம் பிடிக்கணும், மாப்பிள்ளை."

ஜெய் டிவியைக் காட்டினான். அவன் ஆடும் கேமில் முழு ஊரே இருந்தது. கார், லாரி, சைக்கிள், எதில் வேண்டுமானாலும் ஏறி எங்கேயும் சுற்றலாம்.

"இதுல மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே சைக்கிள்ல போய்ச் சேருங்க பார்ப்போம். சேர்ந்துட்டா உங்க வண்டி ஹால்லயே இருக்கட்டும். இல்லேன்னா காராங்குனி. பயமா?"

"கொடுங்க லா அதை."

அவன் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். விரல் பழகுவதற்குள் நாலு மரத்தில் முட்டினாள். பிறகு வண்டி ஓடியது. சிவப்பு விளக்கு வந்ததும் நிறுத்தினாள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன.

"இங்கே யாரு உங்களைப் பிடிக்கப் போறா? போங்க."

"பிடிக்கிறவன் இருந்தாத்தான் நிப்பீங்களோ?"

ஒவ்வொரு விளக்குக்கும் நின்று நின்று போனாள். தூரத்தில் கடல் தெரிந்தது. ஜெய் சிரிப்பதை நிறுத்திவிட்டான். இடையில் ஒரு குறுகலான பாலம், ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக நிஜப் பாலங்களில் 'இறங்கித் தள்ளவும்' என்ற பலகையைப் பார்த்துப் பழகிய உடம்பு. முத்தாயி இறங்கிவிட்டாள். நாலடி நடந்த பிறகுதான் சைக்கிள் கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்புவதற்குள் ஒரு லாரி வந்து அதைச் சப்பையாக்கிவிட்டுப் போனது.

"தள்ளுறதுக்கு இதுல பட்டனே கிடையாது, அத்தை," என்றான் ஜெய், ரொம்ப மரியாதையாக.

முத்தாயி கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். சாமியை நினைத்து ஒப்புக்கொண்ட பந்தயம். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைத்து, ஹேண்டிலில் இருந்த குங்குமத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தன் கையாலேயே காராங்குனிக்காரனிடம் தள்ளிக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஜெய் வீட்டுக்கு வந்தபோது புது நாற்காலியில் முத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்க அத்தை. கூட்டாளிங்க ஆன்லைன்ல காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். நான் இன்னும் கடலுக்குப் போய்ச் சேரலை."

"பந்தயம்தான் முடிஞ்சுபோச்சே."

"பந்தயம் முடிஞ்சுது. வீடு என் பேர்லதான் இருக்கு, மாப்பிள்ளை. டிவியும் நான் வாங்கினது."

திரையில் விளக்கு சிவப்பானது. முத்தாயி சைக்கிளை நிறுத்தினாள். அது பச்சையாகிற வரைக்கும் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அடுத்த விளக்கும் சிவப்பு.