எதிர்வீட்டு வாசலில் மாப்ள

எதிர்வீட்டுக்காரரே, எங்கள் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கோ விட்டது நீங்கள்தான். உங்கள் மச்சினன் தன் குட்டியானை லோடு வண்டியை ஓட்டினார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். பின்னால் நாய் நின்றுகொண்டிருந்தது. பால்காரர் பார்த்திருக்கிறார். நேரில் வந்து கேட்டேன். "எந்த நாயி?" என்றீர்கள். வருஷக்கணக்காக உங்கள் வாசலில் படுத்துக் கிடந்த நாய்.

உங்களுக்கு நடந்தது எல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

அரியலூர் போகிற சாலையில் எனக்கு ஒரு ஹாலோ பிளாக் பட்டறை இருக்கிறது. வீடு பெரம்பலூரில், டவுனை ஒட்டிப் புதிதாக மனை பிரித்த ஒரு நகரில். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் கல் அறுத்து விற்கிறேன். வீட்டில் நான், மனைவி, மகன், மகள். நாய் பட்டறையில் கிடைத்தது. சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகன் அதைக் காலிச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வந்த அன்றைக்கு என் மனைவி ஒரு தட்டில் பால் சோறு வைத்தாள். குட்டி எழுந்து வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. தட்டைப் பக்கத்தில் நகர்த்தினோம். அப்போதும் பார்த்தது. வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்த பிறகு, போனால் போகிறது என்று சாப்பிட்டது.

"மறுவூட்டுக்கு வந்த மாப்ள மாதிரில்ல உக்காந்திருக்காரு" என்றாள் மனைவி. "அய்யா எந்திரிச்சு வந்து திங்க மாட்டாராமா?"

அன்றிலிருந்து அதன் பெயர் மாப்ள.

எதிர்வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி, ஒரு மகள். அவர்களிடம் பாப்பா என்று ஒரு வெள்ளைப் பொமரேனியன் உண்டு. எங்கள் நாய் பாப்பாவை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அதற்கு வேண்டியது அந்த வீட்டு போர்ட்டிகோவின் டைல்ஸ். எங்கள் வாசலில் சிமெண்டுத் தரை, வெயிலில் கொதிக்கும். சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை அவர்கள் வீட்டில். பாப்பா காலையில் கொஞ்ச நேரம் குரைத்துவிட்டுப் பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எதிர்வீட்டுக்காரரே "டேய் மாப்ள, பிஸ்கட்டு வேணுமாடா?" என்று கேட்டுக் கேட்டுப் போடுவார். என்னைத் தம்பி என்பார். என் மனைவி அவர் மனைவியை அக்கா என்பாள்.

குடிவந்த புதிதில் அவர் என்னிடம் கேட்டார்:

"எந்த ஊரு தம்பி?"

"ரஞ்சன்குடி பக்கங்க."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா?"

"இல்லங்க. காலனி."

"அட, அதெல்லாம் இப்ப யாரு தம்பி பாக்குறா" என்றார்.

யாரும் பார்க்காததை எதற்குக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. புது வீடு. அவர் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நகர் மாறியது. முதலில் கரண்டுக் கம்பங்களுக்கு வண்ணம் அடித்தார்கள். அது யாருடைய வண்ணம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைகள் மணிக்கட்டில் அதே வண்ணத்தில் கயிறு கட்டிக்கொண்டார்கள். பைக்கின் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் வண்ணத்தில் கம்பங்கள் நின்றன. நகர் நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஆரம்பத்தில் காலை வணக்கமும் பூவும் வந்தன. அப்புறம் பூ இருந்த இடத்தில் தலைவர் வந்தார். அப்புறம் "நம்ம பொண்ணுங்கள நாமதான் பாத்துக்கணும்" என்று வீடியோக்கள் வந்தன. என் மனைவி குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். நான் இருந்தேன். குழாயில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று அதில்தான் போடுவார்கள். தண்ணீருக்காக எல்லாவற்றையும் படித்தேன்.

பண்டிகைக்கு எதிர்வீட்டிலிருந்து பலகாரம் எவர்சில்வர் டப்பாவில் வரும். நாங்கள் அதே டப்பாவில் எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுப்போம். ஒரு தீபாவளிக்குப் பாக்குமட்டைத் தட்டில் வந்தது. சுத்தமான தட்டு. பலகாரமும் நன்றாகத்தான் இருந்தது. தட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இந்த மாற்றங்களை யாரும் நாயிடம் சொல்லவில்லை. அது எப்போதும் போல டைல்ஸில் போய்ப் படுத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் முறை வைத்துக் கூப்பிடுவதில் ஒரு கணக்கு உண்டு. வேறு சாதிக்காரரை அண்ணன் என்று கூப்பிடலாம், தம்பி, சித்தப்பா, அக்கா எல்லாம் சொல்லலாம். மாமா, மச்சான், மாப்ள கூடாது. அது பெண் கொடுத்து எடுக்கிற முறை. அப்படிக் கூப்பிட்டால் பெண் கேட்கிறான் என்று அர்த்தம். காலேஜ் பையன்கள் இதைப் பார்ப்பதில்லை, பார்க்கிறவன் எல்லாம் அவர்களுக்கு மாப்ளதான். ஆனால் அது காலேஜ் கேட்டுக்கு உள்ளே. எங்கள் நாய் கேட்டுக்கு வெளியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குக் கார்கள் வந்தன. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம், முந்திரிக்காடு வைத்திருக்கிற குடும்பம், எதிர்வீட்டுக்காரர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. சொல்லவில்லை. வந்தவர்களுக்கு உள்ளே இடம் போதாமல் மாப்பிள்ளையையும் அவருடைய அத்தையையும் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். நாற்காலிக்குக் கீழே எங்கள் நாய்.

என் மனைவி அன்றைக்குக் கறி ஆக்கியிருந்தாள். எலும்பைத் தட்டில் வைத்து, எங்கள் கேட்டில் நின்று, எப்போதும் போல முழுக் குரலில் கூப்பிட்டாள்:

"மாப்ள! டேய் மாப்ள! அடுத்த வூட்டுல என்னடா வேல உனக்கு? வாடா வூட்டுக்கு, கறி ஆறுது!"

வந்திருந்த மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

நாய் எழவில்லை. அது வழக்கம்தான். இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை என்றால் மகன் போய்க் கூட்டிவருவான். அவனுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. தலை வாரி, புதுச் சட்டை போட்டு எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தவன், அப்படியே போய் எதிர்வீட்டு கேட்டில் நின்றான். அந்த நேரம் காபித் தட்டோடு வெளியே வந்த அந்தப் பெண் கீழே குனிந்து, இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகியதைச் சொன்னாள்:

"மாப்ள, போடா. வந்துட்டான் பாரு கூட்டிட்டுப் போக."

மாப்பிள்ளையின் அத்தை பெண்ணைப் பார்த்தார். கேட்டில் நிற்கும் என் மகனைப் பார்த்தார். நாற்காலிக்குக் கீழே பார்க்கவில்லை.

"ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்" என்று எழுந்தார்கள். பெண் பார்த்த வீட்டில் இப்படிச் சொன்னால் தகவல் வராது. வரவில்லை.

பிள்ளையார் கோயில் பக்கத்துக் கொட்டகையில் நகர் நலச் சங்கம் கூடியது. சாக்கடை, தெருவிளக்கு, எங்கள் நாயின் பெயர், இந்த வரிசையில் பேசினார்கள். சாக்கடை சீக்கிரம் முடிந்தது.

"ஊரு ஒலகத்துல நாயிக்கு வைக்கிற பேராங்க இது?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "வேணும்னே வச்சிருக்காங்க. எங்க வூட்டப் பாத்து நின்னு தெனம் மாப்ளன்னு கூப்புடுறாங்க."

"நீங்களும் அப்படித்தானங்க கூப்புட்டீங்க? பிஸ்கட்டு போட்டீங்கல்ல?" என்றேன்.

"நான் கூப்புடுறது வேற. நீ கூப்புடுறது வேற."

அவர் என்னை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். அதுவரை 'வாங்க தம்பி'தான்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "அண்ணன்னு மாத்திடுங்களேன், பிரச்சினையே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் எதிர்வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. மூலை வீட்டு டீச்சர், ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், எழுந்து கேட்டார்: "பேர மாத்துனா நாயிக்குப் புரியுமா சார்? க்ளாஸ்ல பிள்ளைங்களுக்கே நான் சொல்றது புரிய மாட்டேங்குது."

சங்கத் தலைவர் தீர்ப்பு சொன்னார்: "டைகர்னு வச்சிடுங்க. பொதுவான பேரு."

வீட்டுக்கு வந்து என் மகள் கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு "டைகர், டைகர்" என்று கூப்பிட்டாள். நாய் யார் வந்திருக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தது. பிஸ்கட்டைத் தின்றது. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் திரும்பிப் பார்த்தது. ஒரு வாரம் இப்படிப் போனதில் நாய் கொஞ்சம் குண்டானது. பிறகு நாங்கள் அதை வீட்டுக்குள் மட்டும், கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக மாப்ள என்று கூப்பிட்டோம். தெருவில் தட்டைத் தட்டினோம். சொந்தக் காசில் கட்டிய வீட்டில், சொந்த நாயைக் கிசுகிசுத்துக் கூப்பிட்டோம்.

எதிர்வீட்டில் சொல்லியும் ஒருவர் கேட்கவில்லை. அந்தப் பெண். ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுக்க வந்தவள், கீழே தெருவில் போன நாயைப் பார்த்து, "மாப்ள! என்னடா எளச்சுப் போயிட்ட?" என்று கத்தினாள். அது இளைக்கவில்லை, குண்டாகியிருந்தது. நாய் நிமிர்ந்து வாலை ஆட்டியது. கீழே அவள் அப்பா நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் நாய் இல்லை.

பால்காரர் பார்த்ததைச் சொன்னார். "வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு கவனிக்கலிங்க. அதுபாட்டுக்குக் காத்து வாங்கிட்டு நின்னுச்சு." கறி போடுகிற இடத்துக்கே கூட்டிவர ஆள் வேண்டியிருந்த நாய், அவர்கள் கூப்பிட்டதும் ஏறியிருக்கிறது. பழகிய ஆள்.

நானும் மகனும் தேடினோம். ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றினோம், அரியலூர் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தோம். செட்டிகுளத்தில், மலைக்குக் கீழே, நின்று "மாப்ள! மாப்ள!" என்று கூப்பிட்டேன். டீக்கடையில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து வந்தார்.

"யாரு வூட்டு மாப்ள அண்ணே காணாம போயிட்டாரு? கோவிச்சுக்கிட்டா?"

"நாயிங்க."

"நாயா?" கொஞ்சம் யோசித்தார். "எந்தக் கலரு?"

அவரும் எங்களோடு ஒரு சுற்றுத் தேடினார். என்ன ஊர், ஊருக்குள்ளயா வெளியவா என்றெல்லாம் கேட்கவில்லை. நாய் கிடைக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். "போயி என்னன்னு எழுதிக் குடுப்பீங்க?" என்றாள் மனைவி. "எதிர்வூட்டுக்காரரு எங்க மாப்ளைய ஏத்திட்டுப் போயிட்டாருன்னா?" நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் மகனின் துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனைத் திருப்பூரில் இருக்கிற என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே வேலை இருக்கிறது என்று அவனிடம் சொன்னோம். இங்கேயும் வேலை இருக்கிறது, பட்டறையே அவனுக்குத்தான். எதற்கு அனுப்புகிறோம் என்று அவன் கேட்கவில்லை. எதிர்வீட்டு கேட்டில் போய் நின்றதைத் தவிர அவன் எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண்ணோடு நாயைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தாலும் தப்பில்லை, அது வேறு. தினமும் போன் பண்ணி "வந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்கிறான்.

"நாயோட போச்சுன்னு இருங்க" என்கிறாள் மனைவி. சொந்தக்காரர்கள் அதையேதான் சொல்கிறார்கள். டீச்சரும் சொன்னார். பால்காரரும் சொன்னார். எல்லோரும் ஒரே வார்த்தையை எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்வது போலச் சொல்கிறார்கள். நாயைப் பறிகொடுத்தவன் சந்தோஷப்பட வேண்டுமாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரரே, வாசலில் நின்று ரகசியமாகப் பேச எனக்கு இனி ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிறது. மைக் இருக்கும். எங்கள் நாயை எந்த ஊரில், எந்த இடத்தில் இறக்கிவிட்டீர்கள் என்று அதில் சொல்லுங்கள். உயிரோடு இறக்கிவிட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள். சொன்னால் நான் போய்க் கூட்டிவந்துவிடுவேன்.

அதோடு இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். நாயோடு போச்சு என்கிறார்கள். நாய் என்று ஒன்று இல்லாமல், என் மகன் மட்டும் அன்றைக்கு உங்கள் கேட்டில் வந்து நின்றிருந்தால், அவனை எந்த வண்டியில் ஏற்றியிருப்பீர்கள்? உங்கள் மகளும் கேட்கட்டும், என் மனைவியும் கேட்கட்டும். எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.