ஓரம்

எங்கள் சிவகாசித் தெருவில் நடைபாதை போட்டிருக்கிறார்கள்; சைக்கிளுக்கும் தனியாக ஒரு தடம். "இனிமே ஓரமா நிம்மதியா நடந்து போங்கம்மா" என்றார் நகராட்சி இன்ஜினியர். 'ஓரம்' என்று கேட்டதும் மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

அறுபதுகளில் இந்தத் தெருவின் ஓரங்கள் தீப்பெட்டிகளுக்குச் சொந்தம். வீட்டுக்கு வீடு பெண்கள் ஒட்டிய காலிப் பெட்டிகள் பாய்களில் காயும். மனிதர்கள் நடுத்தெருவில்தான் நடப்போம். "ஏட்டி, ஓரத்துல மிதிக்காத, பெட்டி நசுங்கிரும்" என்று அம்மா ஓயாமல் கத்துவாள்.

பிறகு, லாரி வர வேண்டும் என்று வீட்டு முகப்புகளை இடித்துத் தெருவை அகலமாக்கினார்கள். ஓரம் பின்னால் தள்ளிப்போனது. பாய்களும் கூடவே போயின. நாங்கள் அப்போதும் நடுவில்தான் நடந்தோம்.

ஒரு மத்தியானம் நானும் ரூத் அக்காவும் பள்ளிவிட்டு வரும்போது, பின்னால் லோடு லாரி ஹாரன் அடித்தது. நான் பயந்துபோய்ப் பாய் மேலேயே குதித்துவிட்டேன். அக்காவும் காலைத் தூக்கினாள். கீழே பெட்டிகளைப் பார்த்ததும் தூக்கிய காலைத் திரும்ப நடுத்தெருவிலேயே வைத்தாள்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அம்மா அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சிருக்கலாமே தாயி, மிதிச்சிருக்கலாமே" என்று மட்டுமே அழுதாள்.

இன்ஜினியர் காத்திருந்தார். நடைபாதையில் ஏறுவதற்கு முன் குனிந்து பார்த்தேன். எதுவும் காயப்போட்டிருக்கவில்லை.