அல்போன்சம்மாள் போடும் மார்க்கு

"நான் மக்கு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லிக் கொடுங்க, பாப்போம்" என்று முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார் மிஸ்ஸி அல்போன்சம்மாள். மடியில் ஓர் எனாமல் பேசின். எருமை ரோட்டுப் பூவம்மா தன் மைலோ டின்னை அதில் கவிழ்க்கிறார். டாக்டர் கொடுத்த மாத்திரை, காலமான கணவருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, ஒரு சட்டைப் பொத்தான், இன்னதென்று தெரியாத மஞ்சள் மாத்திரை நாலு.

"இது யாரு கொடுத்தது?"

"பக்கத்து வீட்டு கதீஜா. அவளுக்குக் கால்வலி சட்டுனு நின்னுருச்சாம். நானும் என் சிவப்பு மாத்திரையில நாலு கொடுத்தேன். சும்மா வாங்கிக்க முடியுமா மிஸ்ஸி?"

அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத நம் பண்பாடு, மாத்திரை வரைக்கும் வந்துவிட்டது. மிஸ்ஸி மஞ்சள் மாத்திரையையும் கணவருடையதையும் பொறுக்கி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். பூவம்மாவின் சொந்த மாத்திரையையும் பொத்தானையும் மட்டும் திருப்பித் தருகிறார்.

அரசாங்க மருந்தகத்து நர்ஸ் அவர்; நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். புதன்கிழமையும் சனிக்கிழமையும் சிராங்கூன் ரோட்டுச் சந்துகளில் குடையும் பேசினுமாக வலம் வருவார். மருந்தகத்தில் வைத்தியம் நடக்கும் அழகை நானும் பார்த்திருக்கிறேன். சுயாட்சி வந்து மூன்று வருடமாகியும் மருந்து உறையின்மேல் எழுதுவது என்னவோ இங்கிலீஷில்தான், அதுவும் தமிழே படிக்கத் தெரியாதவர்களுக்கு. மருந்து கொடுப்பவர் ஜன்னல் ஓட்டை வழியாக "மூணு வேளை!" என்று கத்துவார். உபதேசம் அத்தோடு முடிந்தது. கிழவர் தலையாட்டுவார். எந்த மூன்று வேளை என்று கேட்க வாயெடுப்பதற்குள் பின்னால் நிற்பவர் முழங்கையால் இடித்துவிடுவார்.

அந்தத் தலையாட்டலைத்தான் மிஸ்ஸி நம்புவதில்லை. "சரி மிஸ்ஸின்னு சொல்றவங்கள்லாம் சரியா சாப்பிட்டா, எனக்கு இங்க என்னா வேலை?" என்பார். அதனால்தான் இந்த மக்கு வேஷம். வீட்டில் மருமகள்கூடக் காது கொடுக்காத பெரியவர்களுக்கு, படித்த ஒருத்தி எதிரே உட்கார்ந்து பாடம் கேட்பது மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. பாடம் ஒப்பித்து முடிந்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்து, சின்ன நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு எதிரே 'பாஸ்' அல்லது 'பெயில்' போடுவார். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள் கோப்பிக் கடையில் தங்கள் மார்க்கைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிறார்கள். மிஸ்ஸிக்கும் பெருமையில் குறைச்சல் இல்லை. "எங்கிட்ட பாஸ் பண்ணவங்க தப்பு பண்ண மாட்டாங்க லா" என்று டாக்டரிடமும் சொல்வார், மூன்று சக்கர டிரைஷா மிதிப்பவரிடமும் சொல்வார், ஞாயிற்றுக்கிழமை ஆபீர் ரோட்டு மாதா கோயில் வாசலில் பாதிரியாரிடமும் சொல்வார்.

அந்தப் பள்ளியின் முதல் மாணவர், என் மாடி அறைக்குக் கீழே குடியிருக்கும் சேதுபதி. ஆர்பரில் முப்பது வருடம் கப்பல் மூட்டை தூக்கியவர். இப்போது நெஞ்சு பலவீனம், அதற்கு ஒரு வெள்ளை மாத்திரை. "காலையில பசியாறின பிறகு ஒண்ணு. ஒண்ணுகூடக் குறையக் கூடாது" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, இந்தப் பரீட்சையை வேடிக்கை பார்க்க நானும் கீழே இறங்கி வந்திருந்தேன்.

பாடம் பிசகில்லாமல் வந்தது. ஹார்லிக்ஸ் போத்தலைக் கவிழ்த்து எண்ணினார் மிஸ்ஸி. எண்ணிக்கையும் கச்சிதம். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று எழுந்தவர் சேதுபதியின் காலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கணுக்கால் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, நிரம்பவில்லை.

"மூச்சு வாங்குதா ஐயா?"

"கோயில் படி ஏறினா கொஞ்சம். சஷ்டி விரதம்ல. ஆறு நாளா பாலும் பழமும்தான்."

"மாத்திரை?"

சேதுபதி, தெரிந்த கேள்வி வந்த பையனைப் போலச் சிரித்தார். "பசியாறினாத்தானே மாத்திரை? நாளைக்குத்தான் பசியாறுவேன்." சுவரில் முருகன் படம், அதன் கீழே தட்டு. தட்டில் அரளிப் பூக்களுக்கு நடுவே ஆறு வெள்ளை மாத்திரை. தினமும் காலையில் போத்தலிலிருந்து ஒன்று எடுத்து அங்கே வைத்திருக்கிறார். "முருகன்கிட்ட கொடுத்து வச்சிருக்கேன். ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னீங்கல்ல? நாளைக்குள்ளதையும் சேத்து ஏழையும் ஒரே வாயில முழுங்கிடுவேன்."

மிஸ்ஸியின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"ஏழையும் போட்டிருந்தா நெஞ்சு நின்னுருக்கும் ஐயா" என்றார் மெதுவாக. "விட்டது விட்டதுதான். சேத்து வச்சுப் போடவே கூடாது. அந்த ஆறையும் எடுத்து எங்கிட்ட கொடுங்க."

"சாமிக்கு வச்சத எப்படி..."

"சாமிக்கு நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. கொடுங்க."

கொடுத்தார். பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "நீங்க சொன்னபடிதானே செஞ்சேன் மிஸ்ஸி?"

ஒரு சொல் தவறாமல் மிஸ்ஸி சொன்னபடிதான் சேதுபதி செய்திருக்கிறார். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று மிஸ்ஸி சொல்லவில்லை, அப்படியொரு நாள் உண்டா என்று கேட்கவும் இல்லை.

"கால் வீக்கத்தை இப்பவே டாக்டர் பாக்கணும். ஒரு டிரைஷா கூப்பிடுங்க" என்று என்னை விரட்டினார்.

நான் டிரைஷாவோடு திரும்பியபோது நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. சேதுபதி சட்டையை மாட்டிக்கொண்டு, அதையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பெயிலா மிஸ்ஸி?"

மிஸ்ஸி புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "வாசிச்சுக் காட்டுங்க" என்றார். சேதுபதிக்கு எதிரே 'பாஸ்' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு பெயர்: அல்போன்சம்மாள். எதிரே சிவப்பில் 'பெயில்'.

நான் வாசித்து முடித்ததும், டிரைஷாவில் ஏறும் முன் ஒரு நிமிடம், மிஸ்ஸி முக்காலியை சேதுபதி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வருசத்துல எந்தெந்த நாள் பசியாற மாட்டீங்க ஐயா? டாக்டர்கிட்ட சொல்லணும். எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்க" என்று சொல்லி, சிவப்புப் பென்சிலை சேதுபதியின் கையில் வைத்தார்.