வருகைப் பதிவேட்டில் இல்லாத கஸ்தூரி அக்கா

கஸ்தூரி அக்கா போய்விட்டார் என்ற செய்தியை எனக்குப் போனில் சொன்னவர் நம் சங்கச் செயலாளர். "அம்மா, வேங்கிக்கால் கஸ்தூரி அம்மா காலைல தவறிட்டாங்களாம். நெஞ்சுவலி. மாநாட்டுல பசங்களைப் பாத்துக்க வேற ஆள் வேணுமே, யாரையாவது பாருங்க." இரண்டுக்கும் நடுவில் மூச்சாவது விட்டாரா தெரியவில்லை. நான் "அருணாசலா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் சங்கம் வருஷந்தோறும் இரண்டு நாள் நடத்தும் ஆன்மிகக் குடும்ப மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு அக்காவைத் தெரியும். உங்களைவிட உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பத்தில் பிறந்து, இங்கே துணி தைத்துப் பிழைத்தவர். ஏழு வருஷம், செங்கம் சாலை மண்டபத்தில் நாமெல்லாம் சொற்பொழிவு கேட்ட நேரம் முழுக்க, பக்கத்து அறையில் நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவர்.

ஒரு வருஷம் அந்த அறையில் கிரிவலம் நடந்தது. பைகளைக் குவித்தால் மலை. சுற்றிலும் எட்டுப் பிள்ளைகள் அஷ்ட லிங்கம். அத்தனை பேருக்கும் குபேர லிங்கம்தான் வேண்டும். எம லிங்கமாக உட்கார ஒருவரும் இல்லை. என் சின்ன மகள் ஓவென்று அழுதாள். அக்கா தானே போய்த் தெற்கே உட்கார்ந்துகொண்டார். "எமன்னா ஏன்டி அழுவுற? சொன்ன நேரத்துக்கு வர்றவருடி அவரு. நம்ம செயலாளர் மாதிரி லேட்டா வந்து மைக்கைப் புடிச்சிக்க மாட்டாரு." அக்காவிடம் மட்டும் அந்த எமனுக்கு என்ன அவசரமோ, முன்னாலேயே வந்துவிட்டார்.

குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, அடக்குங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். "உள்ள வளர்ப்பைப் பத்திப் பேசறாங்க இல்ல? வெளிய அதுங்க வளருதுங்க. அந்தச் சத்தம்தான்னு போய்ச் சொல்லு" என்றார் அக்கா. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்ததோடு சரி.

காரியம் முடிந்த மறுநாள் செயலாளர் மறுபடியும் பேசினார். "இரங்கல் தீர்மானம் போடலாம்னு பாத்தேன். ஆனா நோட்டுல அவங்க ஒரு மாநாட்டுக்கும் வந்ததா இல்லையேம்மா?"

அந்த நோட்டை எழுதுகிறவள் நான். வருகிறவர் பெயரை ஒன்றுவிடாமல், ஊரோடு, குடும்பத் தலைக்கட்டோடு எழுதுவேன். ஆனால் நோட்டு இருப்பது ஹால் வாசலில். அக்கா அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. ஏழு வருஷமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனவர், என் கையெழுத்தின்படி வரவே இல்லை! பேச்சாளருக்கு மாலை போட்டவர் பெயர்கூட அதில் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. செயலாளர் மேல் மட்டும் வந்த கோபம் இல்லை.

ஒரு முறை கேட்டேன், "ஒரு பேச்சாவது கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையாக்கா?"

"தோணாம? 'எழுந்திருங்க, ஒரு மணி நேரம் நான் பாக்கறேன்'னு யாராச்சும் ஒருத்தர் சொல்லணுமே." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். உள்ளே பேச்சு ஆரம்பிக்கப் போகிறது என்று நான் நகர்ந்துவிட்டேன். பக்தி என்று நினைத்துத்தான் நகர்ந்தேன்.

இந்த வாரம் அக்கா இடத்துக்கு ஆள் கேட்டு ஒன்பது வீடுகளுக்குப் போன் செய்தேன். "ஐயோ அக்கா, இதுங்ககிட்டேருந்து ரெண்டு நாள் தப்பிக்கத்தானே அங்க வர்றேன்!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "மேடையில பேர் சொல்லுவாங்களா?" என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. நியாயமான கேள்வி.

செயலாளருக்குப் பதில் சொல்லிவிட்டேன். வேறு ஆள் கிடையாது. அந்த அறையில் நான் இருப்பேன். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தாயோ தகப்பனோ வந்து கூட உட்கார வேண்டும். முதல் மணி நேரம் செயலாளருடையது. "நான் மேடையில இருக்கணுமேம்மா" என்றார். "அப்ப கூட்டம் ஒரு மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கட்டும்ங்க" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். முதல் நாள் காலையில், தாயின் முந்தானையை விடாத பிள்ளையை அவர் ஒருபோதும் நின்றபடி கூப்பிட்டதில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். "கூப்புடாதீங்க. உக்காருங்க. அதுவா வரும்." எனக்கு முட்டி மடங்காது. ஆனாலும் உட்காருவேன்.