எண்ணெய் வயலின் பெயரைச் சொன்னவர்

ஒருகொடவத்தையில் பஸ்ஸில் குண்டு வெடித்ததாக வானொலி சொன்னதும், கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் ஆளாளுக்குத் தொலைபேசியைப் பிடித்தோம். முன்பு எங்களோடு வேலை செய்த ஸ்டெல்லா அக்காவின் கொட்டாஞ்சேனை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மாலையில் அவருடைய தம்பி பிரேத அறையிலிருந்து அழைத்தார். "முகம் இல்லை. செருப்பை வச்சுத்தான் அடையாளம் பிடிச்சனாங்கள்" என்றார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய கோபம் நினைவிருக்கும். வளைகுடா நாடொன்றின் சுண்ணாம்புப் பாறைக்குள் கிடக்கும் எண்ணெயைக் கூடுதலாக எடுக்கும் வழிகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் தொழில். எண்ணெயைத் தள்ளுவதற்காகக் கிணறுகளில் இறக்கும் தண்ணீர் பாறையின் பிளவுகள் வழியே ஓடிவிடும். எண்ணெய் கல்லுக்குள்ளேயே நின்றுவிடும். பிளவுகளைச் சேர்க்காமல் நான் கட்டிய கணினி மாதிரியைப் பார்த்து, "நடந்ததையே சரியாச் சொல்லத் தெரியாதது, நாளைக்கு வாறதை எப்பிடியடி சொல்லும்?" என்று கத்தினார். பிறகு தானே வரைந்த பிளவுப் படத்தைத் தந்து, வீட்டில் வைத்துப் படிக்கச் சொன்னார்.

எங்கள் படங்களில் எண்ணெய் வயலின் பெயரோ நாட்டின் பெயரோ இருக்காது. வெளியே சொன்னால் வேலை போகும் என்பது ஒப்பந்தம். போர்க்காலத் தேடுதலொன்றில் வெள்ளவத்தையில் என் அறையைச் சோதித்து அக்காவின் படத்தைக் கண்டெடுத்த பொலிஸாருக்கு அந்தப் பெயரின்மையே போதுமாயிருந்தது. கோடுகள் தெருக்களாயின, கிணறுகளைக் குறித்த புள்ளிகள் குண்டு வைக்கும் இடங்களாயின. என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

செய்தி கேட்டு அக்கா பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்தார். படம் தன்னுடையது, பிள்ளையை விடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அறைந்ததில் அவருடைய பல் விழுந்து இரத்தம் கொட்டியது.

"இது எந்த இடம்? பேர் சொல்லு!" என்று அரைகுறைத் தமிழில் கத்திய அதிகாரி, என் கையை மேசையில் விரித்து அழுத்திக்கொண்டு பொல்லை ஓங்கினார்.

அக்கா பெயரைச் சொன்னார். நாட்டையும் சொன்னார். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்திய பிறகே எங்களை விட்டார்கள்.

வெளியே வந்து இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஆடின பல்லுத்தானடி. பிடுங்கிற செலவு மிச்சம்."

மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு கிடைத்தது ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் கிளார்க் வேலை. அதற்காகத்தான் அந்த பஸ்.

பிளவுக்குள் தண்ணீர் பாய்ச்சும் கிணற்றை அடைக்க வேண்டும் என்ற அவருடைய முடிவை வயலில் செயற்படுத்திவிட்டார்கள். எண்ணெய் கூடுதலாக வருகிறதாம். அவருடைய கணினி மாதிரியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அவர் விட்டுப்போனவற்றில் என்னிடம் இருப்பவை என் கை விரல்கள். பத்தும் முழுதாக இருக்கின்றன.