செல்வின் சொன்னால் மட்டும் கேட்கிறார்கள்

பூதப்பாண்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான், நேற்று காலை இந்தப் பக்கத்தில் ஓர் அறிவுரை போட்டிருந்தேன். "இடி மின்னலின்போது மோடத்தின் இணைப்பைத் துண்டித்துவிடவும்."

இரண்டு லைக். ஒன்று என்னுடையது.

இன்று துணிக்கடை தங்கம் அக்கா, நெட் வரவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மோடத்தின் வயர் பிளக்கிலிருந்து கழன்று கிடந்தது.

"நேத்து இடி வெட்டிச்சுல்லா. வயர ஊரிப் போடணும்னு செல்வின் சொன்னான்."

செல்வினுக்கு அஞ்சுகிராமத்தில் இதே தொழில். வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் எங்கே மழை, எங்கே கரண்ட் இல்லை என்று பேசி அனுப்புவான். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் யோசனையும் இருக்கும்.

"திரும்பச் சொருகணும்னு அவன் சொல்லலியாக்கா?"

"இல்லியே மக்கா."

வயரைச் சொருகியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

நெட் வந்ததும் அக்கா போனை எடுத்து இன்றைய செல்வினைக் கேட்டார்.

"நேத்து வயர ஊரினவங்க மறக்காம சொருகிருங்க. அதுக்குப் பிறவும் நெட் வரலன்னா, பூதப்பாண்டிக்காரங்க அங்க உள்ள எனக்க கூட்டுக்காரன கூப்பிடுங்க. என்னைவிட வேல தெரிஞ்சவன்."

"ஒன்னத்தான் சொல்லுகான். நல்ல பய," என்றார் அக்கா.

இனி அவனைத் திட்டவும் வழியில்லை.

அவன் குரல் பொறுக்காமல் போன மாதம் அந்தக் குழுவிலிருந்து வெளியேறியவன் நான். அட்மினும் அவன்தான். அவனுக்குத் தெரியாமல் மறுபடி சேர ஏதாவது வழி உண்டா? கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.