இந்த வருட உப்புக்கொத்திகள்

பெங்களூரில் ஆறு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, தை மாதம்தோறும் நானும் மனைவியும் மல்லேஸ்வரத்திலிருந்து கிளம்பி, மங்களூருக்கு வடக்கே ஒரு சின்ன ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போவோம். மலையில் பிறந்து, அறுபது கிலோமீட்டருக்குள் கடலில் முடிந்துவிடும் ஆறு. அங்கே பறவைகளை எண்ணி, படிவத்தில் எழுதி, எண்ணுகிறவர்களின் சங்கத்துக்கு அனுப்புவோம். எல்லா முகத்துவாரங்களிலும் ஒரே நாளில் எண்ண வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு வருடங்களில் எங்கள் வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

நீர் ஏறும்போது சேறெல்லாம் மூழ்கிவிடும். உப்புக்கொத்திகள் என்கிற சின்னக் கரைப்பறவைகள் மணல்திட்டில் நெருக்கியடித்து நிற்கும். முக்கால் மணி நேரம்தான் அவகாசம். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தால் விட்ட இடம் தெரியாது. ஆகவே பத்துப் பறவை ஆனதும் நான் "பத்து" என்பேன். அவள் நோட்டில் ஒரு கோடு இழுப்பாள்.

போன ஆவணியில் அவள் இறந்துபோனாள். இந்தத் தையில் தனியாகப் போனேன். தினமும் நான் விழுங்கும் ஏழு மாத்திரைகளையும் மூன்று முறை சரிபார்த்துக்கொண்டு போனேன்.

திட்டின் இடது முனையில் தொடங்கி வலது முனைவரை விடாமல் எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. நிமிர்ந்து, "கூட்டிச் சொல்லு" என்று திரும்பினேன்.

நோட்டு பைக்குள்ளேயே இருந்தது.

சற்றுத் தள்ளி ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். படகு வேலைக்கு வந்த நாகப்பட்டினத்துக்காரர்.

"நான் எத்தனை தடவை பத்துன்னு சொன்னேன், கவனிச்சீங்களா?"

"போன்ல ஏலம் கேக்குறீங்கன்னு நெனச்சேன் பெரியவரே. அரை மணியா பத்துலயே நிக்குதே, ஏறவே மாட்டேங்குதேன்னு பாத்தேன்."

மறுபடி கண்ணை வைத்தேன். நீர் வடியத் தொடங்கிவிட்டது. பறவைகள் சேற்றுக்குச் சிதறின. எழுபதோடு கணக்கு தொலைந்தது. வருடாவருடம் எண்ணி எழுதி அனுப்புவதை அவரிடம் சொன்னேன்.

"போன வருசத்துக் கணக்கையே போட்டு விடுங்க. பறவையா வந்து கேக்கப் போவுது?"

"அப்படிப் போடக்கூடாதுங்க" என்றேன்.

மறுநாள் பகல் ரயிலில், படிவத்தில் இந்த வருடக் கட்டத்தில் சிறு கோடு போட்டேன். எண்ணவில்லை என்று அதற்குப் பொருள். ஒன்றுமே இல்லை என்று யாராவது படித்துவிட்டால்? சக்லேஷ்பூர்வரை அதே கவலை. பிறகு கட்டத்துக்கு வெளியே வழியும்படி எழுதினேன்: பறவைகள் வந்திருந்தன. எழுத ஆளில்லை.